டின் பாலுக்கு முன்னால மிஸ்ஸியைக் கூப்பிடுங்க

பக்கத்து லயத்துப் பெண்ணுக்குப் பிள்ளை பிறந்து ஒரு வாரம்கூட ஆகலை. "பால் பத்தலக்கா" என்று அதற்குள் மாவுப்பால் டின் வாங்கியாச்சு. புருஷன் காய்கறித் தோட்டத்தில் நாள்கூலி. அந்த டின் விலைக்கு வீட்டில் எத்தனை வேளை உலை கொதிக்கும்!

தனியார் பாலூட்டல் ஆலோசகரெல்லாம் ஈப்போ, கேஎல் ஆட்களுக்கு. நமக்கு அரசு கிளினிக் நர்ஸ், நம்ம மிஸ்ஸிதான். பிரசவமான முதல் மாதத்தில் வீட்டுக்கே வந்து பார்ப்பார்கள், குடிமக்களிடம் காசு வாங்குவதில்லை. (அந்நியத் தொழிலாளிப் பெண்கள் கிளினிக் போனால் கட்டணம் அதிகம். அவர்கள் பிள்ளையும் பச்சைப் பிள்ளைதானே?)

பக்கத்து லயத்துக்கு வந்த மிஸ்ஸி பெரிய வித்தை ஒன்றும் செய்யவில்லை. பிள்ளையின் வயிறு தாயின் வயிற்றோடு ஒட்டும்படி திருப்பினார். வாய் அகலத் திறக்கும்வரை பொறுத்து, காம்போடு கருவட்டமும் உள்ளே போகிற மாதிரி அணைக்கச் சொன்னார். கொஞ்ச நேரத்தில் மடக் மடக்கென்று விழுங்கும் சத்தம். பம்பு எதற்கு, கையாலேயே பீய்ச்சலாம் என்று செய்தும் காட்டினார்.

டின் பால் வியாபாரம் இங்கே பழைய கதை. 1939-இல் சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தில் டாக்டர் சிசிலி வில்லியம்ஸ், பச்சைப் பிள்ளைகளுக்கு இனிப்பு டின் பாலைத் தள்ளிவிடுவது கொலை என்றே பேசினார்.

தாய்ப்பால் கொடுக்கத் தாய் வீட்டில் இருக்க வேண்டுமே. மலேசியாவில் 2023 முதல் சட்டப்படி பேறுகால விடுப்பு 98 நாள். நாள்கூலிப் பெண் அதைக் கேட்டு வாங்குவது வேறு பாடு.

திரிங்காப், கோலா தெர்லா பக்கம் பிள்ளைப்பேறு நெருங்கியவர்கள் கிளினிக்கில் வீட்டு அடையாளத்தைத் தெளிவாகச் சொல்லி வையுங்கள். தோட்டத்து உள்பாதையில் மிஸ்ஸி வழி கேட்டு அலைகிறார்.