பழைய தேதியோடு திரும்பி வந்த கோப்பு

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பால்கோவா கடை. ஆடிட்டர் போனில் சத்தம் போட்டாராம்: “உங்க கம்ப்யூட்டர்ல வைரஸ் இருக்கு, என் பென் டிரைவுல என்னமோ ஏறிக்கிட்டு வந்திருக்கு.” கடைக்கார அண்ணாச்சி என்னைக் கூப்பிட்டார். ராஜபாளையத்திலிருந்து மதுரை பஸ் ஏறினால் அரை மணி நேரம். பத்து மணிக்குக் கடையில் இருந்தேன்.

ஏறியிருந்தது ஒரு லாக் கோப்பு. பெயர் ‘டீபக்.லாக்’. டெஸ்க்டாப்பில் ஒன்று, ஜிஎஸ்டி போல்டரில் ஒன்று, பேத்தியின் பிறந்தநாள் படங்களுக்கு நடுவே ஒன்று. நோட்பேடில் திறந்தால் பத்து விநாடிக்கு ஒரு வரி. எல்லாம் ஒரே வாசகம்: திறக்க முடியவில்லை, பிழை 2. எதைத் திறக்க முடியவில்லை, யாருக்கு முடியவில்லை, ஒன்றும் கிடையாது. பெயர் போடாத மொட்டைக் கடுதாசி.

*

“அழிச்சா திரும்ப வருது தம்பி. அதுவும் பழைய தேதியோட வருது.”

நான் நம்பவில்லை. அழித்தேன். பத்து விநாடியில் வந்து உட்கார்ந்தது. உள்ளே ஒரே ஒரு புது வரி. ஆனால் ‘உருவான நாள்’ மூன்று வாரத்துக்கு முந்தையது. அண்ணாச்சி சொன்னது சரி.

பேயில்லை. விண்டோஸில் ‘டனலிங்’ என்று ஓர் ஏற்பாடு உண்டு. ஒரு கோப்பை அழித்து, 15 விநாடிக்குள் அதே இடத்தில் அதே பெயரில் இன்னொன்று உருவானால், பழையதன் பிறந்த தேதியைப் புதியதற்குக் கொடுத்துவிடும். சில மென்பொருள்கள் ஒரு கோப்பைச் சேமிக்கும்போது பழையதை அழித்துப் புதியதற்கு அதன் பெயரைச் சூட்டுகின்றன. அப்போது தேதி மாறிப்போகாமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு. இங்கே பத்து விநாடிக்கு ஒரு முறை எழுதுகிற ஒன்று அந்த 15 விநாடிக்குள் மாட்டிக்கொண்டது. அவர் எத்தனை தடவை அழித்தாலும் முதல் நாள் தேதி அப்படியே கைமாறி வந்திருக்கிறது.

அந்தத் தேதியை மட்டும் தாளில் எழுதிக்கொண்டேன்.

*

அடுத்த திகில். ஒவ்வொரு நாளும் வரிகள் விடிகாலை 03:32 வாக்கில் தொடங்குகின்றன. “மூன்றரை மணிக்கு யாருப்பா கடையில?” அண்ணாச்சியின் கண் வாட்ச்மேன் பக்கம் போனது. எனக்குப் பாவமாக இருந்தது. எழுதுகிறவன் உலகப் பொது நேரத்தில் எழுதுகிறான்; ஐந்தரை மணி நேரம் கூட்டினால் 9.02. கல்லாவில் விளக்கேற்றி கம்ப்யூட்டரைப் போடுகிற நேரம். இந்த ஐந்தரையைக் கூட்ட மறந்து எத்தனை வாட்ச்மேன்கள் ஏச்சு வாங்கினார்களோ.

*

அண்ணாச்சியின் மருமகன் ஏற்கெனவே இணையத்தில் தேடி, பிரவுசர்தான் காரணம் என்று அதைக் கழற்றி எறிந்திருந்தார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. 2020 அக்டோபரில் குரோம், எட்ஜ் இரண்டும் இதே பெயரில் ஊரெல்லாம் டெஸ்க்டாப்பில் கோப்புகளைப் போட்டன. ஆனால் பெயர் பொதுப் பெயர். முருகன் என்று கூப்பிட்டால் பஸ்ஸில் நாலு பேர் திரும்புவார்கள்.

பெயரை நம்பி ஏமாந்ததற்குப் பழைய கதை ஒன்று. எஸ்க்யூலைட் என்ற தரவுத்தளத்தை மெக்காஃபி தன் வைரஸ் தடுப்பு மென்பொருளுக்குள் வைத்துக்கொண்டது. அது தற்காலிகக் கோப்புகளை ‘எஸ்க்யூலைட்’ என்ற முன்னொட்டோடு டெம்ப் போல்டரில் குவித்தது. மக்கள் அந்தப் பெயரைக் கூகுளில் தேடி, எஸ்க்யூலைட்டை எழுதியவர்களின் போன் நம்பரைக் கண்டுபிடித்து, ராத்திரியில் எழுப்பித் திட்டினார்கள். 2006 அக்டோபரில் அவர்கள் முன்னொட்டின் ஆங்கில எழுத்துகளைத் தலைகீழாக்கிவிட்டார்கள்: ‘எடில்க்ஸ்’. காரணத்தை நிரலிலேயே குறிப்பாக எழுதியும் வைத்தார்கள். எனக்கு மிகவும் பிடித்த நிரல் குறிப்பு அது.

*

வைரஸ் பயம் வீண் என்று சொல்லமாட்டேன். கூடங்குளம் நமக்குப் பக்கத்து ஊர் மாதிரி. அங்குள்ள அணுமின் நிலையத்தின் கணினியில் தீநிரல் இருப்பதாக, அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2019 செப்டம்பர் 4 அன்றே தகவல் கொடுத்திருந்தது. அக்டோபர் 29 அன்று நிலையத்திலிருந்து மறுப்பு வந்தது. மறுநாள் இந்திய அணுமின் கழகமே ஒப்புக்கொண்டது: நிர்வாக வேலைக்கான, இணையத்தோடு சேர்ந்த நெட்வொர்க்கில் ஒரு கணினியில் தீநிரல், முக்கியமான உள் நெட்வொர்க் தனி, அதற்குப் பாதிப்பில்லை. ஆய்வாளர்கள் அடையாளம் சொன்ன ‘டிட்ராக்’ வகையும் ஒரு கணக்கில் லாக் எழுதுகிற நிரல்தான்: எந்த விசை தட்டினார்கள், எந்தத் தளம் பார்த்தார்கள், எதெல்லாம் ஓடுகிறது என்று. ஆனால் அந்த மாதிரி ஆசாமி டெஸ்க்டாப்பில் வந்து உட்காரமாட்டான்.

*

லாக் என்றால் மரக்கட்டை. கப்பலிலிருந்து முடிச்சுப் போட்ட கயிற்றில் கட்டையைக் கட்டிக் கடலில் விட்டு, எத்தனை முடிச்சு ஓடுகிறது என்று எண்ணி வேகம் எழுதிய நோட்டு லாக் புக். அண்ணாச்சிக்கு அவர் பாஷையில் ‘நாள்வழி’ என்றேன், உடனே பிடிபட்டது. எங்கள் மாமா ராஜபாளையத்தில் ஒரு மில்லின் ஜெனரேட்டர் ரூமில் இருந்தார். மணிக்கொரு தரம் வோல்ட், ஆம்ப்ஸ் எழுத வேண்டும். நைட் ஷிப்டில் எட்டு மணி நேரத்தையும் விடிகாலை உட்கார்ந்து ஒரே மூச்சில் எழுதுவார். மெஷின் அந்த வேலை செய்யாது.

*

ஆளைப் பிடிக்க ‘பிராசஸ் மானிட்டர்’. மார்க் ருசினோவிச்சும் பிரைஸ் காக்ஸ்வெல்லும் எழுதி வந்த சிசின்டர்னல்ஸ் கருவிகளில் ஒன்று. 2006இல் அவர்கள் நிறுவனத்தை மைக்ரோசாஃப்ட் வாங்கியது. எந்த நிரல் எந்தக் கோப்பைத் தொடுகிறது என்று வரி வரியாகக் காட்டும்; வடிகட்டாமல் விட்டால் சில நிமிடங்களில் லட்சக்கணக்கான வரி. ஒரு லாக்கைப் பிடிக்க இவ்வளவு பெரிய லாக். பாதை ‘.லாக்’ என்று முடிகிறவை மட்டும் என்று வடிகட்டினேன். பத்து விநாடியில் சிக்கியது: பில் போடும் மென்பொருள்.

விற்றவரைக் கூப்பிட்டால், “எங்க சாஃப்ட்வேர் அப்படி எழுதாது சார்.” பொய்யில்லை. அந்த வரியை இரட்டைக் கிளிக் செய்து ‘ஸ்டேக்’ பக்கத்தைப் பார்த்தால் உள்ளே இன்னொரு பெயர்: எடை மெஷினோடு வந்த ஒரு டிஎல்எல், அதாவது இன்னொரு நிரலுக்குள் ஏறி ஓடுகிற துண்டு நிரல். வாடகைக்குக் குடியிருந்தவன் எழுதியது; வீட்டுக்காரருக்கே தெரியாது.

ஏன் இத்தனை இடத்தில்? முழுப் பாதை கொடுக்காமல் வெறும் கோப்புப் பெயரைக் கொடுத்திருக்கிறான். அப்படியென்றால் நிரல் அப்போது எந்த போல்டரில் நிற்கிறதோ அங்கே விழும். பில் மென்பொருளில் ‘திற’ பெட்டியைக் கொண்டு எக்செல்லோ படமோ எடுத்தால், நிரல் அந்த போல்டருக்கு நகர்ந்து அங்கேயே நின்றுவிடும். ஆடிட்டரின் பென் டிரைவிலும் போய் நின்றது. அன்றைக்கு அதைக் கழற்றப் போனபோது ‘பயன்பாட்டில் உள்ளது’ என்று வந்ததை அவர் இப்போதுதான் சொல்கிறார்.

*

தாளில் எழுதிய தேதியைக் காட்டினேன். அண்ணாச்சி யோசித்தார். “ஆடிப்பூரத்துக்கு வெள்ளையடிச்சோம். அன்னிக்கு எல்லாத்தையும் கழட்டித் திரும்ப மாட்டினோம்.”

அவ்வளவுதான். எடை மெஷினின் கேபிள் வேறு யுஎஸ்பி ஓட்டைக்கு மாறியிருந்தது. விண்டோஸ் அதற்கு காம் 5 என்று புது எண் கொடுத்துவிட்டது. நிரல் பழைய காம் 3இன் வாசலில் பத்து விநாடிக்கு ஒரு தரம் தட்டிக்கொண்டிருக்கிறது. அந்த வாசலே இல்லை என்பதுதான் பிழை 2.

மூன்று வாரமாகக் கடைப் பையன்கள் எடையைக் கையால் அடித்து பில் போட்டிருக்கிறார்கள். யாரும் முதலாளியிடம் சொல்லவில்லை. சொன்னது அந்தக் கோப்பு மட்டும்தான். அதைத்தான் அவர் அழித்துக்கொண்டிருந்தார்.

கேபிளைப் பழைய ஓட்டையில் செருகினேன். ஓட்டைக்குப் பக்கத்தில் அண்ணாச்சி ஒரு குங்குமப் பொட்டு வைத்தார். கோப்பை அழிக்க வேண்டாம், ஒரு வாரம் கிடக்கட்டும் என்று சொல்லிவிட்டு வந்தேன். நேற்று போன் செய்து கேட்டேன். கடைசி வரி இன்னும் அன்றைக்கு வந்ததுதான்: 05:47:20. நம் கணக்கில் 11.17.