சுழியமும் ஒரு தொகைதான்

நூலுக்குரிய பத்து அழகுகளைச் சொல்லும்போது நன்னூலார் சுருங்கச் சொல்லுதலை முதலில் வைக்கிறார். விளங்க வைத்தலை அதற்கடுத்து வைக்கிறார். பத்துக் குற்றங்களின் வரிசையிலோ குன்றக் கூறல்தான் முதலாவது. சுருக்கத்துக்கும் குறைவுக்கும் இடையிலுள்ள தூரம் எவ்வளவு சிறியது என்பதை இலக்கண வகுப்பில் நான் கற்றுக்கொள்ளவில்லை. பைத்தான் மொழியில் எழுதிய ஒற்றை வரி ஒன்றுதான் அதைக் கற்பித்தது.

2005ஆம் ஆண்டு. ஒரு பள்ளிக்காக, மாணவர்களின் கட்டண அறிவிப்புகளை அச்சிடும் சிறு நிரல் ஒன்றை எழுதிக் கொடுத்தேன். தேவை எளியது. மாணவருக்குச் சலுகை உண்டென்றால் சலுகைக் கட்டணத்தை அச்சிட வேண்டும். இல்லையென்றால் முழுக் கட்டணத்தை. 'இஃப்', 'எல்ஸ்' இரண்டையும் கொண்டு நான்கு வரிகளில் எவரும் எழுதிவிடலாம். எனக்கோ அன்று நான்கு வரி எழுதுவது கௌரவக் குறைவாகப் பட்டது. சி மொழியில் ஒரு கேள்விக்குறியும் ஒரு முக்காற்புள்ளியும் போட்டு ஒரே வரியில் முடித்துவிடுகிற வேலை. பைத்தானில் அப்போது அந்த வசதி கிடையாது. ஆகவே அக்காலத்து நிரலாளர் பலர் கையாண்ட குறுக்குவழியை நானும் கையாண்டேன். தமிழ் எழுத்தில் தருவதானால் அந்த வரி இப்படி இருந்தது:

கட்டணம் = சலுகை_உண்டு ஆண்ட் சலுகைக்_கட்டணம் ஆர் முழுக்_கட்டணம்

பைத்தானில் 'ஆண்ட்', 'ஆர்' இரண்டும் உண்மை, பொய் என்று மட்டும் விடை சொல்வதில்லை. தாம் பார்த்த மதிப்பையே எடுத்துக் கையில் தருகின்றன. 'ஆண்ட்' தன் இடப்பக்கம் உண்மையானால் வலப்பக்கத்து மதிப்பைத் தரும். 'ஆர்' தன் இடப்பக்கம் உண்மையானால் அதையே தரும். பொய்யானால் வலப்பக்கம் போகும். கால் சலுகை, அரைச் சலுகை பெற்றவர்களின் கணக்கை வைத்துச் சோதித்தேன். எல்லாம் சரியாக வந்தன. அந்த வரியை இரண்டு முறை வாசித்து மகிழ்ந்ததும் நினைவிருக்கிறது.

சில நாட்கள் கழித்துப் பள்ளி அலுவலகத்திலிருந்து தொலைபேசி வந்தது. ஒரு மாணவியின் தந்தை அறிவிப்புத் தாளுடன் வந்து நிற்கிறார். அவளுக்கு முழு விலக்கு. கட்ட வேண்டிய தொகை சுழியம். தாளிலோ முழுக் கட்டணமும் அச்சாகியிருக்கிறது. முழு விலக்குப் பெற்ற மற்றவர்களின் தாள்களையும் எடுத்துப் பார்த்தோம். ஒன்று விடாமல் அதே பிழை.

பைத்தானின் கண்ணுக்குச் சுழியம் பொய். வெற்றுச் சரமும் வெற்றுப் பட்டியலும்கூட அப்படியே. சலுகை உண்டு என்பதைக் கண்ட 'ஆண்ட்' சுழியத்தை எடுத்துக் கொடுத்தது. 'ஆர்' அதைப் பொய்யென்று தள்ளிவிட்டு முழுக் கட்டணத்தை எடுத்துக்கொண்டது. பாதியாவது கட்ட முடிந்தவர்களிடம் ஒழுங்காக நடந்த வரி, எதையுமே கட்ட இயலாதவர்களிடம் மட்டும் தவறாமல் தவறியது. நான் மிச்சப்படுத்திய மூன்று வரிகளுக்கு விலையாக அந்த மனிதர் அரை நாள் கூலியை இழந்திருந்தார்.

இந்தக் குழியில் விழுந்தவர்கள் பலர். பைத்தானுக்கு முறையான நிபந்தனைத் தொடர் ஒன்று வேண்டுமென்ற கோரிக்கைக்கு இத்தகைய பிழைகளே முக்கியக் காரணமாயின. மொழியை உருவாக்கிய கீடோ வான் ரோஸம் 2003இல் அதற்கான முன்மொழிவை வைத்தார். பல வடிவங்கள் வாக்கெடுப்புக்கு வந்தன. எதற்கும் தெளிவான பெரும்பான்மை கிட்டவில்லை. 2005இல் அவரே ஒரு வடிவத்தைத் தேர்ந்தார். 2006இல் வெளிவந்த பைத்தான் 2.5இல் அது இடம்பெற்றது:

கட்டணம் = சலுகைக்_கட்டணம் இஃப் சலுகை_உண்டு எல்ஸ் முழுக்_கட்டணம்

தமிழ்ச் செவிக்கு இந்த வரிசை முதலில் உறுத்தும். 'மழை பெய்தால் குடை எடு' என்று நிபந்தனையை முன்னால் வைத்துப் பேசுகிறவர்கள் நாம். இங்கே விடை முன்னால் வருகிறது, நிபந்தனை நடுவில் நிற்கிறது. வழக்கமான மதிப்பை முதலிலும் விதிவிலக்கைக் கடைசியிலும் வைத்து வாசிக்கப் பழகினால் உறுத்தல் போய்விடுகிறது.

இரண்டு வரிகளிலும் சொற்களை எண்ணிப் பாருங்கள். நீளம் ஒன்றுதான். பழைய வரி ஒரு கேள்வியைக் கேட்பதுபோல் காட்டி இரண்டு கேள்விகளைக் கேட்டது: சலுகை உண்டா? அந்தத் தொகை சுழியம் அல்லாததா? இரண்டாவது கேள்வியை நான் கேட்கவே நினைக்கவில்லை. புதிய வரி கேட்க வேண்டியதை மட்டும் கேட்கிறது. ஜாவாஸ்கிரிப்ட்காரர்களும் இதே சுழியச் சிக்கலில் பல ஆண்டுகள் இடறிவிட்டு, 2020இல் இரட்டைக் கேள்விக்குறியைத் தங்கள் மொழியில் சேர்த்துக்கொண்டார்கள். மதிப்பே இல்லாதபோது மட்டும் அது மாற்றைத் தேடிப் போகும். சுழியத்தைச் சுழியமாகவே விட்டுவைக்கும்.

அதன்பின் சில பழக்கங்களை வைத்துக்கொண்டேன். ஒரு வரியில் ஒரு நிபந்தனைதான். ஒன்றுக்குள் இன்னொன்றை நுழைப்பதில்லை. நிபந்தனைகள் அடுக்கடுக்காக உள்ளே போகுமானால், பொருந்தாதவற்றை நிரற்கூற்றின் தொடக்கத்திலேயே திருப்பி அனுப்பிவிடுகிறேன். மதிப்பெண் 0 முதல் 100 வரை உள்ளதா என்பதைப் பைத்தான் அனுமதிக்கிறபடி ஒரே தொடராக எழுதுகிறேன். அது சுருக்கம், விளக்கமும்கூட. மதிப்பு இல்லையா என்று கேட்க வேண்டிய இடத்தில் 'நன்' என்ற சொல்லை வெளிப்படையாகவே எழுதுகிறேன். முடித்தபின் வரியை வாய்விட்டு வாசிக்கிறேன். நாக்கு தடுமாறினால் நான்கு வரிகளாகப் பிரித்துவிடுகிறேன்.

இப்போதெல்லாம் எந்த நிபந்தனையை எழுதினாலும் முதல் சோதனைக்குச் சுழியத்தைத்தான் கொடுக்கிறேன். அதைச் சரியாக நடத்துகிற வரி மற்றவற்றையும் பெரும்பாலும் சரியாகவே நடத்துகிறது.