காற்று எங்கே போகிறது?

நெர்ஃப் பொம்மைக் கன்னைக் கழற்றி மாற்றியமைக்கத் தொடங்கும் எவரும் முதலில் கைவைப்பது ஸ்பிரிங்கில்தான். சரிசெய்யச் சொல்லி என்னிடம் வருபவற்றில் பெரும்பாலானவை அப்படிப்பட்டவை. உள்ளே கெட்டியான புது ஸ்பிரிங் இருக்கும். பின்னுக்கு இழுக்கவே தோள் வலிக்கும். டார்ட்டோ பழைய தூரத்தைக்கூடத் தொடாமல் விழும்.

ஸ்பிரிங் டார்ட்டைத் தொடுவதே இல்லை. அது குழாய்க்குள் ஓடும் பிளஞ்சரைத் தள்ளுகிறது, பிளஞ்சர் காற்றை அழுத்துகிறது, அந்தக் காற்றுதான் சுமார் 1 கிராம் எடையுள்ள நுரை டார்ட்டை வெளியே தள்ளுகிறது. 2012-இல் வந்த எலைட் வரிசையின் ரிட்டாலியேட்டரைத் திறந்து பார்த்தால் இது தெளிவாகப் புரியும். இந்த வேலையைப் பழக விரும்புகிறவர்களுக்கு நான் சொல்வதும் அதைத் திறந்து பார்க்கத்தான். காற்று நழுவ அந்தக் கன்னில் மூன்று வழிகள் உண்டு: பிளஞ்சர் தலையில் உள்ள ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம் குழாய்ச் சுவரைத் தொடும் விளிம்பு, குழாயின் முன்பக்க இணைப்பு, டார்ட் உட்கார்ந்திருக்கும் வாய். சைக்கிள் பம்பில் வாஷர் காய்ந்துபோனால் எவ்வளவு பலமாக அடித்தும் டியூப் நிறையாது, இங்கேயும் அதே கதைதான். கசிவை விட்டுவிட்டு ஸ்பிரிங்கை மட்டும் கெட்டியாக்கினால் காற்று இன்னும் வேகமாகக் கசியும்.

ஆகவே நான் முதலில் ஸ்பிரிங்கை வெளியே எடுத்து வைத்துவிடுவேன். குழாயின் முன் துளையை விரலால் அடைத்துக்கொண்டு பிளஞ்சரைக் கையால் உள்ளே தள்ளுவேன். நல்ல குழாய் எதிர்த்து நிற்கும். கையை எடுத்ததும் பிளஞ்சர் பின்னுக்குத் துள்ளும். மெல்ல மெல்ல உள்ளே இறங்கினால் கசிவு இருக்கிறது. பிறகு ஒரு டார்ட்டை வாயில் பொருத்தி, அது நகராதபடி பிடித்துக்கொண்டு மறுபடி தள்ளிப் பார்க்க வேண்டும். முதல் சோதனையில் துள்ளி இரண்டாவதில் இறங்கினால் குறை டார்ட்டிலோ இணைப்பிலோ இருக்கிறது, ஓ-ரிங்கில் இல்லை. இவ்வளவுக்கும் எந்தக் கருவியும் தேவையில்லை.

ஓ-ரிங் தளர்ந்திருந்தால், அதைக் கழற்றி, அது உட்காரும் பள்ளத்தில் பிளம்பர்கள் பயன்படுத்தும் டெஃப்லான் டேப்பை ஒரு சுற்றுச் சுற்றி மறுபடி மாட்டலாம். ஒரு சுற்று போதாவிட்டால் இன்னொன்று, ஒவ்வொரு சுற்றுக்கும் சோதனை. அளவு மீறினால் ஓ-ரிங் சுவரை இறுக்கிப் பிடித்து, ஸ்பிரிங்கின் பலத்தை உராய்விலேயே தின்றுவிடும். துளை திறந்திருக்கும்போது பிளஞ்சர் தடையின்றி ஓட வேண்டும், மூடியிருக்கும்போது நிற்க வேண்டும். இந்த இரண்டும் சேர்ந்து வரும் இடத்தைக் கண்டுபிடிப்பதில்தான் எனக்கு இந்த வேலையின் சுகமே இருக்கிறது. மசகுக்கு சிலிக்கோன் கிரீஸ் மட்டும். பெட்ரோலிய கிரீஸ் சில வகை ரப்பரை ஊதவைக்கும், பிளாஸ்டிக்கையும் பலவீனமாக்கக்கூடும்.

வேகம் அளக்கும் க்ரோனோகிராஃப் கையில் இருந்தால் கன்னைத் திறக்கும் முன்பே பாதி விஷயம் தெரிந்துவிடும். எல்லாச் சுடுதலும் ஒரே மாதிரி மெதுவாக இருந்தால் உராய்வையோ களைத்துப்போன ஸ்பிரிங்கையோ சந்தேகிக்கலாம். ஒன்று வேகமாகவும் அடுத்தது மந்தமாகவும் போனால் முதலில் டார்ட்டுகளைத்தான் பார்ப்பேன். மிதிபட்டு நசுங்கியவையும் புதியவையும் கலந்து கிடக்கும். நசுங்கிய டார்ட்டைச் சுற்றிக் காற்று ஓடிவிடும். அவற்றைப் பிரித்துப் போட்டாலே தீர்ந்துவிடும் குறைகள் நிறைய.

டார்ட் ஓடும் பேரலை நீளமாக்கினால் வேகம் கூடும் என்பது இன்னொரு நம்பிக்கை. பிளஞ்சர் குழாயில் அடைபட்ட காற்றுக்கு ஓர் அளவு உண்டு. 12.7 மி.மீ. உள்விட்டமும் 30 செ.மீ. நீளமும் கொண்ட பேரலை நிரப்பவே சுமார் 38 கன செ.மீ. காற்று வேண்டும். காற்று விரிந்து வெளியழுத்தத்தோடு சமமாகிவிட்ட பிறகு, மிச்சமிருக்கும் பேரல் டார்ட்டை உரசி நிறுத்தும் வேலையை மட்டுமே செய்யும். அத்தகைய பேரலை அறுத்துக் குட்டையாக்கியதும் வேகம் கூடுவது இதனால்தான்.

ஸ்ட்ரைஃப் போன்ற மோட்டார் வகையில் காற்றுக்கு வேலையில்லை. எதிரெதிர்த் திசையில் சுழலும் இரண்டு சக்கரங்கள் டார்ட்டைக் கவ்வி வீசுகின்றன. அங்கே கசிவது மின்சாரம். முதல் டார்ட் பாய்ந்து, அடுத்தடுத்தவை சோர்ந்தால், மோட்டாரை மாற்றும் முன் அது ஓடும்போது அதன் முனைகளில் மல்ட்டிமீட்டரை வைத்துப் பார்க்க வேண்டும். நான்கு ஏஏ பேட்டரிகள் தரும் 6 வோல்ட் அங்கே வெகுவாகச் சரிந்திருந்தால் குற்றவாளி பேட்டரி, மெல்லிய வயர், தேய்ந்த சுவிட்ச் இவற்றில் ஒன்று. சக்கரங்களின் வேகம் ஓர் எல்லையைத் தாண்டினால் நுரை வழுக்கத் தொடங்கும், இரைச்சல்தான் கூடும். 11.1 வோல்ட் லிப்போ பேட்டரியைப் பழைய மோட்டாரில் மாட்டுவது அதைக் கருக்குவதற்கான வழி.

கசிவையெல்லாம் அடைத்த பிறகும் வேகம் போதாது என்றால் ஸ்பிரிங்கை மாற்றுவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் கூடுதல் அதிர்ச்சி முழுவதையும் வாங்கிக்கொள்வது ஏபிஎஸ் பிளாஸ்டிக். ஸ்குரு இறங்கும் தூண்களிலும் பிளஞ்சரைப் பிடித்து நிறுத்தும் கொக்கியிலும் வெள்ளை வெள்ளையாகக் கோடு தெரிந்தால் உடையப்போகிறது என்று அர்த்தம்.

வேகம் நொடிக்கு 21 மீட்டரிலிருந்து 30 ஆனாலே டார்ட்டின் ஆற்றல் இரண்டு மடங்காகிவிடும். மாற்றம் செய்யாத கன்களின் டார்ட் பட்டே கண்ணுக்குள் ரத்தம் கட்டுவது உண்டு. லண்டன் மூர்ஃபீல்ட்ஸ் கண் மருத்துவமனை மருத்துவர்கள் 2017-இல் நெர்ஃப் டார்ட்டால் அப்படிப் பாதிக்கப்பட்ட மூவரைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். அதனால் பாதுகாப்புக் கண்ணாடி இல்லாதவர்கள் கூடும் விளையாட்டுக்கு என் கை பட்ட கன் போகக் கூடாது என்று சொல்லித்தான் கொடுக்கிறேன். குழந்தைகளுடையது என்றால் கசிவை மட்டும் சரிசெய்து பழைய ஸ்பிரிங்கையே போடுவேன். கசிவு நின்றாலும் வேகம் ஏறும் என்பதால், கொடுக்கும் முன் ஒருமுறை அளந்து சொல்லிவிடுவேன். முனையின் ஆரஞ்சு நிறத்தை மறைத்துக் கறுப்பு அடித்துத் தரக் கேட்பவர்களுக்கு மட்டும் செய்து தருவதில்லை. தெருவில் பார்ப்பவருக்கு அது பொம்மை என்று காட்ட இருப்பது அந்த நிறம்தான்.