செட் மாட்டும் கடை

இருப்புப்பாதையின் அனுக்கிரகம் கிட்டாத ஊர்களில் மனிதருடைய ஆயுளில் கணிசமான ஒரு பகுதி மோட்டார் வாகனங்களுக்குள்ளேயே கழிந்துவிடுகிறது. முதுகுளத்தூர் அப்படிப்பட்ட ஊர். ரயிலைக் காண வேண்டுமானால் வடக்கே பரமக்குடிக்குப் போக வேண்டும். மேற்கே கமுதி, தெற்கே கடலாடி, அதற்கும் அப்பால் சாயல்குடி, கிழக்கே தேரிருவேலி வழியாக இராமநாதபுரம் என்று எந்தத் திசையில் புறப்பட்டாலும், சாலையின் இருமருங்கிலும் சீமைக் கருவேலங்காடும், மழை தவறிய வருஷங்களில் வறண்டு கிடக்கும் கண்மாய்களும், கரிமூட்டத்திலிருந்து மெல்ல எழும் புகையுமே மாறி மாறி வந்துகொண்டிருப்பதால், கண்ணுக்குக் கிடைக்காத விருந்தைக் காதுக்காவது அளிக்க வேண்டும் என்ற எண்ணம் ஓட்டுகிறவருக்கும் உட்கார்ந்திருப்பவருக்கும் ஏற்படுவது சகஜமே. மிளகாய் மூட்டை ஏற்றும் சின்ன யானை முதல் கல்யாண கோஷ்டியை ஏற்றும் வேன் வரையில் பாட்டில்லாத வாகனத்தை இங்கே காண்பது அரிது. அந்தப் பாட்டு வண்டிக்குள் எவ்வாறு ஏறுகிறது, அதை ஏற்றுகிறவர்கள் யார் என்று பார்க்கும் விருப்பத்தினால், செட் மாட்டும் கடை ஒன்றின் வாசலில் பகல் முழுவதும் உட்கார்ந்திருந்தேன்.

பேட்டரிக் கடைக்கும் குஷன் கடைக்கும் இடையில், இரண்டு ஷட்டர் அகலத்துக்கு மேற்படாத இடம் அது. சுவரெங்கும் ஸ்பீக்கர் பெட்டிகளும், சுருள் சுருளாக ஒயர்களும், மேலே ஓர் ஆணியில் எவரும் வந்து வாங்கப்போகாத பழைய டேப் டெக்குகளும் தொங்கின. கடையின் சொந்தக்காரர் ஐம்பது வயதைக் கடந்தவர். உடனிருப்பவன் தொழிற்பயிற்சி நிலையத்தில் எலக்ட்ரீஷியன் படிப்பை முடித்துவிட்டு வெளிநாட்டு வேலைக்கு விசா வரும் என்று காத்திருக்கும் இளைஞன். காத்திருக்கும் காலத்தில் கற்ற தொழிலில் அவன் இப்போது வெகு தூரம் போய்விட்டபடியால், விசா வந்தால் நஷ்டம் கடைக்காரருக்குத்தான்.

பெரியவர் இத்தொழிலுக்கு வந்த வழி காசெட்டின் வழி. பிலிப்ஸ் கம்பெனியார் 1963ஆம் ஆண்டில் பெர்லின் கண்காட்சியில் வெளியிட்ட அந்தச் சிறு பெட்டி, வளைகுடாவுக்கும் மலேசியாவுக்கும் சிங்கப்பூருக்கும் பிழைக்கப் போனவர்களுடைய கைப்பெட்டியில் டேப் ரெக்கார்டராகவும், 1979க்குப் பிறகு வாக்மேனாகவும் இந்தக் கரையோரத்துக்கு வந்து சேர்ந்தது. இளமையில் அவர் ஒரு ரெக்கார்டிங் சென்டரில் வேலை பார்த்தார். ஊரார் துண்டுக் காகிதத்தில் எழுதிக் கொடுக்கும் பாடல்களை 60 நிமிஷக் காசெட்டிலோ 90 நிமிஷக் காசெட்டிலோ ஏற்றிக் கொடுப்பதும், கடைசிப் பாட்டு பாதியில் அறுந்துபோகாதபடி முன்கூட்டியே கணக்குப் போடுவதும், டேப் ஓடும் ‘ஹெட்’டை ஸ்பிரிட்டில் தோய்த்த பஞ்சினால் துடைப்பதும் அங்கே அவர் பயின்ற வித்தைகள். வண்டிகளில் டெக் மாட்டும் வேலை அதிலிருந்து கிளைத்தது.

அன்று முதலில் வந்தது ஓர் ஆம்னி வேன். மாருதி கம்பெனியார் 1984 முதல் 2019 வரையில் செய்து, பிறகு நிறுத்திவிட்ட அந்த வண்டி இப்பக்கத்தில் இன்னும் சுறுசுறுப்பாகவே ஓடுகிறது. அதிலிருந்த காசெட் டெக் காலஞ்சென்ற தகப்பனார் ஆசையோடு வாங்கி மாட்டியது என்றும், அதைக் கழற்றாமல் தன் செல்போன் பாட்டு அதன் வழியாகவே கேட்க வேண்டும் என்றும் வந்தவர் கேட்டார். டெக்கின் வாயளவாகிய 180 மில்லிமீட்டர் அகலமும் 50 மில்லிமீட்டர் உயரமும் ஜெர்மானியர் வகுத்த ஒரு பிரமாணம்; காசெட் போய் சி.டி. வந்து, அதுவும் போய் யூ.எஸ்.பி. வந்த பிறகும் அந்த அளவு மாறாமலிருப்பதால், பழையதை எடுத்துவிட்டுப் புதியதைச் சொருகுவது ஐந்து நிமிஷ வேலை. அந்த ஐந்து நிமிஷ வேலையை அவர் வேண்டாம் என்றதனால்தான் தொழிலின் சூட்சுமங்களைப் பார்க்கும் பாக்கியம் எனக்குக் கிடைத்தது.

மூன்று வழிகள் உண்டு என்றார் பெரியவர். முதலாவது, காசெட் உருவத்திலேயே செய்யப்பட்ட ஓர் அடாப்டர். அதனுள் நாடாவுக்குப் பதிலாக ஒரு சிறிய கம்பிச் சுருள் இருக்கிறது. போனிலிருந்து வரும் ஒயர் அந்தச் சுருளில் முடிகிறது. சுருளில் எழும் காந்தப் புலத்தின் ஏற்ற இறக்கத்தை, டெக்கின் ஹெட், நாடாவில் பதிந்த பாட்டென்றே நம்பிப் படித்துவிடுகிறது. டெக்குக்குச் சந்தேகம் தோன்றாதிருக்கும் பொருட்டு உள்ளே சில பற்சக்கரங்களும் வீணே சுழன்றுகொண்டிருக்கின்றன. இத்தனை அழகான ஓர் ஏமாற்று வேறெந்த யந்திரத்திலாவது உண்டா என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் தேய்ந்த ஹெட்டில் உச்ச ஸ்வரங்கள் மழுங்கிப்போகும். இந்த வேனின் ஹெட்டோ நன்றாகத் தேய்ந்திருந்தது.

இரண்டாவது, சிகரெட் லைட்டர் துளையில் சொருகும் எஃப்.எம். டிரான்ஸ்மிட்டர். 87.5க்கும் 108க்கும் இடைப்பட்ட மெகாஹெர்ட்ஸ் வரிசையில் காலியான ஓர் இடத்தைத் தேர்ந்து, அதில் போன் பாட்டை மெல்லிய ஒலிபரப்பாக விட்டால், வண்டி வானொலி அதைப் பிடித்துக்கொள்ளும். மற்ற ஊர்களில் சௌகரியமான இந்தச் சாதனம் மன்னார் வளைகுடாவின் ஓரத்தில் திண்டாடுகிறது. கடலின் மேல் வெப்பமும் ஈரமும் சேர்ந்து பண்பலை அலைகளை அவற்றின் சாதாரண எல்லைக்கு அப்பால் சுமந்து வருவதால், சூரியன், சக்தி முதலிய இலங்கைத் தமிழ் வானொலிகள் சில நாட்களில் உள்ளூர் நிலையங்களைப் போலவே தெளிவாகக் கேட்கின்றன. முதுகுளத்தூரில் காலியாக இருந்த இடத்தில் சாயல்குடியை நெருங்குவதற்குள் கொழும்பு அறிவிப்பாளர் வந்து அமர்ந்துவிடுகிறார். இலங்கை வானொலியைக் கேட்டே வளர்ந்த கரையில் இதை ஒரு குறையாகச் சொல்லலாமா என்பது வேறு விஷயம். வாங்கிய சாதனத்தைத் திருப்பிக் கொண்டுவந்து சண்டையிடுகிறவர்கள் உண்டு.

மூன்றாவது வழி, டெக்கைப் பிரித்து, அதன் வால்யூம் கன்ட்ரோலிலேயே போன் ஒயரைப் பற்றவைப்பது. அதையே செய்தார்கள். பலகையின் மேல் டெக்கைக் கவிழ்த்து, மூடியைத் திறந்து, மின்சாரம் கொடுத்துவிட்டு, பெரியவர் ஒரு மெல்லிய திருப்புளியின் நுனியால் அந்தக் கன்ட்ரோலின் கால்களை ஒவ்வொன்றாகத் தொட்டார். ஒரு காலில் நிசப்தம், அது எர்த். வேறொரு காலைத் தொட்டவுடன் ஸ்பீக்கர் ‘ஹம்’ என்று உறுமிற்று. பாட்டு உள்ளே நுழையும் வாசல் அது. வரைபடம் எதுவும் இல்லை. இருந்தாலும் அவர் பார்க்கமாட்டார் என்றே தோன்றியது. போனின் பின்னில் நுனி இடது காதுக்கு, நடு வளையம் வலது காதுக்கு, அடிப்பாகம் எர்த்துக்கு என்று பிரித்து, நடுவே சிறு கண்டென்சர்களை இட்டு, வெளிக்கவசமுள்ள ஷீல்டு ஒயரால் இணைத்து, டேப்புக்கும் போனுக்கும் மாற்றிக்கொள்ள ஒரு சுவிட்சையும் இளைஞன் வைத்தான்.

வண்டிக்குள் செல்லும் ஒயர்களுக்கு நிறப் பாஷை ஒன்று இருக்கிறது. மஞ்சளில் எந்நேரமும் மின்சாரம், சிவப்பில் சாவியைத் திருப்பினால்தான், கறுப்பு எர்த், வெள்ளை முன்புறத்து இடது ஸ்பீக்கர், சாம்பல் முன்புறத்து வலது, பச்சையும் ஊதாவும் பின்புறத்து இடதும் வலதும். பையன் இதைப் பாடம்போல் ஒப்பித்தான். ஆயினும் விலை மலிந்த போர்டுகள் இந்த மரியாதையைக் காப்பதில்லையாதலால், அவன் ஒரு டார்ச் செல்லை எடுத்து ஸ்பீக்கர் ஒயர்களில் ஒரு கணம் தொட்டுப் பார்க்கிறான்; காகிதக் கூம்பு முன்னால் உந்தினால் நேர், பின்னால் இழுத்தால் தலைகீழ். இரண்டில் ஒன்று தலைகீழாகிவிட்டால், ஒன்று தள்ளும் காற்றை மற்றொன்று இழுக்க, தவில் அடியும் டிரம் அடியும் வலுவிழந்து காணாமற்போகும்.

வேன்காரர் சுவிட்சை ஸ்டீரிங்குக்குப் பக்கத்திலேயே, கைக்கு எட்டும்படி வைக்கச் சொன்னார். வாடகை வண்டிக்காரர்கள் எல்லாரும் அப்படித்தான் கேட்கிறார்களாம். அவருடைய போனுக்குள் பாட்டுகள் யாத்திரை வாரியாகப் பிரிக்கப்பட்டிருந்தன: ஏர்வாடி தர்காவுக்கு நாகூர் ஹனிபா, ஆடி மாதத்துக்கு எல்.ஆர். ஈஸ்வரி, மாலை போட்டவர்களுக்கு ஐயப்பன் பாட்டு, ஓரியூர்க் கோயிலுக்கு மாதா பாட்டு, கல்யாணத்துக்கு இளையராஜா. இத்தனை பக்தியும் ஒரே போனுக்குள் சச்சரவின்றி வசிப்பதைப் பார்க்க எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. சச்சரவுக்கு இடமான பாட்டுகளும் இல்லாமலில்லை. ஒரு ஜாதியாரின் பெருமை பாடும் பாட்டு இன்னொரு தெருவில் என்ன விளைவிக்கும் என்பது, 1957ஆம் ஆண்டின் கலவரத்தை இன்னும் மறவாத இந்தப் பூமியில் ஓட்டுநர் எவருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. வண்டியில் ஏறியவர்கள் போடச் சொல்லும் பாட்டை மறுக்கவும் முடியாது. ஊர் எல்லைக்குள் நுழையும்போது நிறுத்தாமலிருக்கவும் முடியாது. கைக்கெட்டும் சுவிட்சின் பிரயோஜனம் அது.

பிற்பகலில் வந்த சரக்கு வண்டிதான் அன்றைய பிரதான விஷயம். புதிய செட், புதிய ஸ்பீக்கர். வேறோர் ஊரில் மாட்டியது.

“அண்ணே, பாட்டுக்குள்ள ஒரு விசில் கேக்குது. வண்டிய ரேஸ் பண்ணா அதுவும் சேந்து கத்துதுண்ணே” என்றார் ஓட்டுநர்.

பெரியவர் உடனே எதையும் பிரிக்கவில்லை. இஞ்சினை ஓடவிட்டுக் கண்ணை மூடிக் கேட்டார். ஆக்ஸிலேட்டரை மிதிக்கச் சொன்னார். விசில் சுருதி ஏறிற்று. லைட்டர் துளையிலிருந்த போன் சார்ஜரைக் கழற்றச் சொன்னார், விசில் நின்றது. மறுபடி சொருகச் சொன்னார், திரும்ப வந்தது.

“தம்பி, செட்டுக்கு எர்த்து எங்கேருந்து வருதுன்னு பாரு.”

“டேஷ்போர்டுக்குப் பின்னாடி ஒரு ஸ்குரூல குடுத்திருக்காங்கண்ணே. பெயின்ட்டுக்கு மேலயே.”

ஓடும் இஞ்சினில் ஆல்டர்னேட்டர் 14 வோல்ட் அளவில் மின்சாரம் உண்டாக்கிப் பேட்டரிக்கு ஊட்டுகிறது. அந்த மின்சாரத்தில் இஞ்சினின் சுழற்சிக்கு ஏற்ற ஒரு சிற்றலை எப்போதும் கலந்திருக்கிறது. போன் சார்ஜரின் வழியாக வண்டியின் உடம்பை ஓரிடத்தில் தொடுகிறது. பாட்டு ஒயரின் வழியாகச் செட்டையும், செட்டின் வழியாக உடம்பை வேறோரிடத்திலும் தொடுகிறது. ஒரே கண்மாயில் மேட்டு மடை ஒன்றும் பள்ள மடை ஒன்றும் திறந்திருந்தால் இடைக்கால்வாயில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்குமே, அதுதான் இது என்றார் பெரியவர். ஓரிடத்துக்கும் இன்னோரிடத்துக்கும் உள்ள வித்தியாசம் சில மில்லிவோல்ட்தான். ஆனால் அது பாட்டு ஒயரின் வழியே ஓடுவதால், செட் அதையும் பாட்டாகவே பாவித்துப் பெருக்கி விடுகிறது. பெயின்ட்டின் மேல் முடுக்கிய எர்த் அந்த வித்தியாசத்தைப் பல மடங்காக்கியிருந்தது.

சட்டத்தில் பெயின்ட்டைச் சுரண்டி, உலோகம் பளிச்சென்று தெரிந்த ஓரிடத்தில் லைட்டரின் எர்த்தையும் செட்டின் எர்த்தையும் ஒரே போல்ட்டில் பூட்டினார்கள். விசில் பெரும்பாலும் அடங்கிற்று. காதை ஸ்பீக்கரின் அருகே வைத்தால் மட்டும் ஓர் இழை கேட்டது. அதையும் விட மனமில்லாமல், பாட்டு ஒயரின் நடுவே ஐசொலேட்டர் என்னும் சிறு டப்பாவைச் சேர்த்தார் பெரியவர். அதற்குள் காதுக்கொன்றாக இரண்டு குட்டி டிரான்ஸ்பார்மர்கள். ஒரு சுருளிலிருந்து மறு சுருளுக்குப் பாட்டு காந்தத்தின் மூலமாகத் தாண்டுகிறது, உலோகத் தொடர்பு இல்லாததால் வேண்டாத மின்சாரம் தாண்ட முடிவதில்லை. காலையில் பார்த்த காசெட் அடாப்டரின் தத்துவமே இது என்பதைப் பெரியவரிடம் சொன்னபோது, அது தமக்கு எப்போதோ தெரிந்த சங்கதிபோலத் தலையசைத்தார். இந்தத் தொழிலில் பாட்டைக் கொண்டுவருவது எவரும் செய்யக்கூடிய காரியம், மற்றதையெல்லாம் வெளியே நிறுத்துவதற்குத்தான் ஆள் வேண்டும் என்ற அபிப்பிராயம் எனக்கு அங்கேதான் உறுதிப்பட்டது.

இதற்கிடையில் ஒரு லாரிக்காரர் வந்து, 12 வோல்ட் செட்டைத் தம் வண்டியில் மாட்டக் கேட்டார். லாரியில் இரண்டு பேட்டரிகள் சேர்ந்து 24 வோல்ட். ஒரு பேட்டரியிலிருந்து மட்டும் ஒயர் இழுத்துக் கொடுத்தால் செட் பாடும். ஆனால் அந்தப் பேட்டரி மற்றதைவிட அதிகமாக வடிந்து, சார்ஜ் ஏறுவதிலும் பின்தங்கி, சீக்கிரமே செத்துப்போகும். கன்வர்ட்டர் போட்டுக்கொள்ளச் சம்மதித்தால் மாட்டித் தருவதாகப் பெரியவர் சொன்னார். அவர் சம்மதிக்கவில்லை; வேறு கடையைத் தேடிப் போனார்.

புதிய கார்களால் இவர்களுக்கு லாபம் அதிகமில்லை. திரையும் புளூடூத்தும் தொழிற்சாலையிலேயே பொருத்தப்பட்டு வருகின்றன. 2016இல் ஐபோன் 7 போனின் பாட்டுத் துளையை மூடியதிலிருந்து மற்றக் கம்பெனிகள் பலவும் அவ்வாறே செய்யத் தலைப்பட்டு, ஒயருக்கே வேலை குறைந்துவருகிறது. இளைஞன் வாரத்தில் சில நாள் கேமரா மாட்டும் வேலைக்குப் போய்விடுகிறான். டிராக்டர்கள்தாம் இப்போது கடையைத் தாங்குகின்றன. உழவின் இரைச்சலை மீறிக் கேட்க வேண்டியிருப்பதால் அவற்றுக்குப் பெரிய ஆம்ப்ளிபயரும் பெரிய ஸ்பீக்கரும் தேவைப்படுகின்றன.

சரக்கு வண்டிக்காரரிடம் ஐசொலேட்டரின் விலையையும் அரை மீட்டர் ஒயரின் விலையையும் மட்டும் வாங்கிக்கொண்டு அனுப்பினார் பெரியவர். ஒரு மணி நேரத்துக்கு மேல் விசிலைத் துரத்தியதற்குக் கூலி எங்கே என்று கேட்டேன்.

“ஒரு ஒயரக் கழட்டி இன்னொரு எடத்துல மாட்டுனோம். அவரு கண்ணுக்கு அதுதான சார் தெரியும்? அதுக்குப் போயி என்னன்னு கேக்குறது?”

இந்த நியாயத்தை நான் ஒப்புக்கொள்ளவில்லை. செட் மாட்ட இவ்வளவு, ஸ்பீக்கர் மாட்ட இவ்வளவு என்று கடைச் சுவரில் எழுதியிருந்த பலகையைக் காட்டி, ‘இரைச்சல் பார்க்க’ என்று அதில் ஒரு வரி சேர்க்க வேண்டும் என்றேன். பையன் சிரித்தான். பெரியவர் பலகையைச் சிறிது நேரம் பார்த்துவிட்டு, எவ்வளவு போடலாம் என்று என்னையே கேட்டார். 150 என்றேன்.

“நூறு போடலாம் சார். நூத்தம்பது இங்க தாங்காது” என்றார்.