எண்ணைக் கொடுத்தது யார்?

2002 டிசம்பரில் 'சயன்ஸ்' சஞ்சிகையில் நோவா ரோசன்பேர்க் குழுவினரின் ஆய்வொன்று வெளியாயிற்று. உலகின் 52 சமூகங்களைச் சேர்ந்த 1,056 பேரின் டி.என்.ஏ.யில் 377 இடங்களை ஒப்பிட்ட ஆய்வு அது. எவர் எந்நாட்டவர் என்பது கணினிக்குச் சொல்லப்படவில்லை. ஆயினும் அது பிரித்துக் காட்டிய ஐந்து தொகுதிகள் பெரும்பாலும் நிலப்பரப்புகளோடு ஒத்துப்போயின. (ஐரோப்பியரும் பாகிஸ்தானியரும் அதில் ஒரே தொகுதி!)

'மனித இனங்கள் ஐந்து: கணினி நிரூபணம்.' பத்திரிகைக்காரனுக்கு இதைவிட நல்ல தலைப்புக் கிடைக்காது. ஆனால் ஐந்து என்ற எண் கணினி கண்டுபிடித்ததன்று. பிரிச்சார்ட் முதலியோர் 2000இல் வெளியிட்ட 'ஸ்ட்ரக்சர்' என்னும் அம்மென்பொருளுக்கு, எத்தனையாகப் பிரிக்க வேண்டும் என்பதை ஆய்வாளரே முற்கூட்டிச் சொல்ல வேண்டும். இரண்டு என்றால் இரண்டாகப் பிரிக்கும். ஆறு என்றபோது ஆறாவதாகத் தனித்து நின்றவர்கள் பாகிஸ்தானின் மலைப் பள்ளத்தாக்குகளில் வாழும் கலாஷ் மக்கள். மொத்தம் சில ஆயிரம் பேர்தாம். சிறு கூட்டமாய் ஒதுங்கி வாழ்வோரை இக்கணக்கு எளிதில் தனித்துக் காட்டிவிடும். அவர்களை உலகின் ஆறாவது இனமென்று சொல்ல யார் துணிவார்?

அதே கட்டுரையின் மற்றொரு கணக்கு அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. மரபணு வேறுபாட்டில் 93 முதல் 95 சதவீதம் ஒரே சமூகத்தினருக்குள்ளேயே உள்ளது. பெருந்தொகுதிகளுக்கிடையே இருப்பது 3 முதல் 5 சதவீதமே.

2014இல் நிக்கலஸ் வேட் என்ற பத்திரிகையாளர் இத்தகைய ஆய்வுகளைக் காட்டி இனங்களைப் பற்றி நூலெழுதினார். அதை மறுத்து நூற்றுக்கு மேற்பட்ட மரபியல் அறிஞர்கள் 'நியூயோர்க் டைம்ஸ்' பத்திரிகைக்குக் கடிதம் அனுப்பினர். ஒப்பமிட்டோரில் ரோசன்பேர்க்கும் ஒருவர்.