தரைக்கடியில் பிள்ளைகள், முற்றத்தில் பெரியவர்

புணே எரவாடாவில் உள்ள டெக்கான் கல்லூரியின் தொல்லியல் அருங்காட்சியகத்துக்குப் போகிறவர்கள் இனாம்காவ் பகுதிக்குக் கொஞ்சம் கூடுதல் நேரம் ஒதுக்க வேண்டும். கோட் நதிக்கரையில், இதே புணே மாவட்டத்தில், கி.மு. 1600 வாக்கில் உழவர்கள் குடியேறிய ஊர் அது. எச்.டி. சங்காலியா, எம்.கே. தவளீகர், இசட்.டி. அன்சாரி ஆகியோரின் குழு 1968 முதல் 1983 வரை அங்கே அகழ்ந்தது. நூற்றுக்கும் மேற்பட்ட வீடுகளின் தடயங்கள் கிடைத்தன. அரண்மனை இல்லை, கல்வெட்டு இல்லை; சாதாரணக் குடும்பங்கள் எப்படி வாழ்ந்தன என்பது மட்டும் துல்லியமாகத் தெரிந்தது.

பார்லி, கோதுமை, பயறு விளைந்தன. ஆற்று நீரைத் திருப்ப வாய்க்கால் வெட்டி, கரை எழுப்பியிருந்தார்கள். மண்சுவர் வீடுகளுக்குள் தானியக் குழிகள், அடுப்புகள். ஜோர்வே வகைப் பானைகளை அருகில் நின்று பார்க்க வேண்டும்: செம்மண் நிறம், மேலே கறுப்பில் கோடும் கட்டமும், நீண்ட மூக்கு. நன்றாகச் சுட்டவை, தட்டினால் கணீரென்று ஒலிக்கும்.

தமிழ்நாட்டிலிருந்து போகிறவர்களைத் தயங்கி நிற்க வைப்பவை தாழிகள். ஆதிச்சநல்லூரில் இறந்தவர்களுக்குத் தனிக் காடு இருந்தது. இனாம்காவில் வீடே இடுகாடு. இறந்த குழந்தையை இரண்டு தாழிகளில் வைத்து, வாயோடு வாய் பொருத்தி, படுக்கைவாட்டில் தரைக்கடியில் புதைத்தார்கள். அதன்மேல்தான் தாய் சமைத்திருப்பாள், மற்ற பிள்ளைகள் உறங்கியிருப்பார்கள். பெரியவர்களை நீட்டிக் கிடத்தினார்கள். பலருக்குக் கணுக்காலுக்குக் கீழே பாதம் இல்லை, வெட்டி எடுத்திருக்கிறார்கள். ஒருவர் மட்டும் விலக்கு. ஊர் நடுவே, களஞ்சியத்தை ஒட்டிய ஐந்தறை வீட்டின் முற்றத்தில், நான்கு கால் வைத்த பெரிய மண்தாழிக்குள் சம்மணமிட்ட நிலையில் அவரை வைத்திருந்தார்கள். ஊர்த்தலைவர் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். தானியத்துக்கும் நீருக்கும் யார் பொறுப்போ அவரே பெரியவர் என்ற கணக்கு நமக்கும் பழகியதுதான்.

கி.மு. 1000-க்குப் பிறகு ஊர் இளைத்தது. அகலமான செவ்வக வீடுகள் போய் சிறு வட்டக் குடிசைகள் வந்தன. உழவு குறைந்து வேட்டை கூடியது. கி.மு. 700 வாக்கில் ஊரே காலி. மழை பொய்த்ததே காரணம் என்றார் தவளீகர். குழந்தைகளின் எலும்புகளை ஆராய்ந்த க்வென் ராபின்ஸ் ஷுக், 2011-இல் வெளியிட்ட நூலில் அந்த விளக்கம் போதாது என்று வாதிட்டார். கடைசிக் காலத்துப் பிள்ளைகளின் வளர்ச்சி குன்றியிருந்ததை அவர் காட்டினார். வீட்டுக்குள் புதைத்ததால்தான் அந்தப் பிஞ்சு எலும்புகள் இத்தனை எண்ணிக்கையில் தப்பிப் பிழைத்தன. ஊர் ஏன் அழிந்தது என்ற வழக்கில் இன்றுவரை சாட்சி சொல்பவர்கள் அவர்களே.