சதுரத் தண்டு

காஃப்காவைத் தேடிக்கொண்டு பிராக் போகிறவனுக்குச் சனிக்கிழமை தோதான நாளில்லை. அவர் புதைக்கப்பட்டிருக்கும் புதிய யூத இடுகாடு அன்று திறப்பதில்லை. யூதப் பேட்டையின் ஜெபாலயங்களும் அப்படியே. 2015 நவம்பரில் நாங்கள் நால்வர் போய் இறங்கியது ஒரு சனிக்கிழமை. டிரெஸ்டனில் இயந்திரப் பொறியியல் படித்துக்கொண்டிருந்தவர்களுக்கு வார விடுமுறையை விட்டால் வேறு நாள் ஏது? கல்லறையை ஞாயிறுக்குத் தள்ளிவிட்டு முதல் நாளில் மூடாத பிராக்கைப் பார்ப்பது என்று ரயிலிலேயே தீர்மானமாயிற்று. தீர்மானித்தவர்கள் மற்ற மூவரும். ஒரு வங்காளி, ஒரு கொலம்பியாக்காரன், லைப்ஸிக்கிலிருந்து வந்த ஜெர்மன் பெண். கொலம்பியாக்காரனுக்கு பீர் போதும். வங்காளிக்கு 1969 ஜனவரியில் யான் பாலாக் என்ற மாணவன் சோவியத் ஆக்கிரமிப்பை எதிர்த்துத் தனக்குத் தீ வைத்துக்கொண்ட இடத்தில் நிற்க வேண்டும். ஜெர்மன்காரி பள்ளிக்கூடத்துப் பிள்ளையாக ஏற்கனவே வந்தவள், எதையும் பார்த்தாக வேண்டிய கட்டாயம் அவளுக்கில்லை. இப்படி ஒருவர் கூட வந்தால் பயணம் சுலபமாகிவிடுகிறது.

ரயில் எல்பே நதியை ஒட்டியே போகிறது. மணற்பாறைகள், ஈரம், உறைந்தாற்போல் நிற்கும் சிறு வீடுகள். எல்லை தாண்டியதும் அதே தண்ணீர் லாபே ஆகிவிடுகிறது. பிராக் பிரதான நிலையத்தின் முதல் பிளாட்பாரத்தில் ஒரு வெண்கலச் சிலை நிற்கிறது. மூக்குக்கண்ணாடி போட்ட ஒரு மனிதர், கையில் ஒரு குழந்தை, பக்கத்தில் இன்னொன்று, ஒரு பெட்டி. நிக்கோலஸ் வின்டன். 1939இல் 669 குழந்தைகளை, பெரும்பாலும் யூதக் குழந்தைகளை, இங்கிருந்து இங்கிலாந்துக்கு ரயிலேற்ற ஏற்பாடு செய்தவர். அந்த வருஷம் ஜூலையில்தான் 106 வயதில் காலமாகியிருந்தார். காஃப்காவின் மூன்று சகோதரிகளும் ரயிலேற்றப்பட்டவர்கள்தான், வேறு திசையில். மூவருமே திரும்பவில்லை. 1924இல் க்ஷயம் அவரைக் கொண்டுபோகாவிட்டால் அவருக்கும் அந்த ரயிலில் இடமிருந்திருக்கும்.

பழைய நகரச் சதுக்கத்தில் பன்னிரண்டு மணிக்காக இருநூறு பேர் அண்ணாந்து நின்றுகொண்டிருந்தோம். 1410இல் செய்த வானியல் கடிகாரம். எலும்புக்கூடு கயிற்றை இழுத்து மணியடிக்கிறது, ஜன்னல்கள் திறக்கின்றன, அப்போஸ்தலர்கள் சுற்றி வருகிறார்கள், கூட்டம் கைபேசிகளை உயர்த்துகிறது. இந்த அப்போஸ்தலர்கள் 1948இல் செதுக்கப்பட்டவர்கள். பழையவர்கள் 1945 மே மாதச் சண்டையில் எரிந்துபோனார்கள். இதைச் சொன்னபோது கொலம்பியாக்காரன், "அதனால் என்ன, மணி சரியாகத்தானே அடிக்கிறது" என்றான். கடிகாரத்தைப் பற்றி இதைவிடச் சரியாக யாரும் பேசிவிட முடியாது. கீழே தளக்கற்களில் 27 வெள்ளைச் சிலுவைகள், 1621இல் அங்கே உயிர் கொடுத்தவர்களுக்காக. அவற்றின்மேல் நின்றுதான் எல்லோரும் அண்ணாந்து பார்க்கிறார்கள்.

சதுக்கத்தின் மறுபக்கம் கின்ஸ்கி மாளிகை. காஃப்கா படித்த ஜெர்மன் பள்ளிக்கூடம் இதற்குள் இருந்தது. அவருடைய தகப்பனாரின் கடை பிற்பாடு இதன் கீழ்த்தளத்துக்கு வந்தது. 1948 பிப்ரவரியில் கோட்வால்ட் இதே மாளிகையின் உப்பரிகையிலிருந்து பேசினார். பள்ளிக்கூடம், அப்பாவின் கடை, கட்சி, மூன்றும் ஒரே கட்டடத்தில். ஒரு நாவலாசிரியன் இப்படி வைத்தால் செயற்கை என்று விமர்சகன் எழுதுவான்.

மற்றபடி இந்த நகரத்தில் காஃப்கா விற்பனைக்கு இருக்கிறார். கோப்பையில், காந்தத்தில், பனியனில். தேசியத் தெருவை ஒட்டிய ஒரு வணிக வளாகத்தின் பின்புறம் அவருடைய தலை 42 அடுக்குத் துருப்பிடிக்காத எஃகில் சுழல்கிறது. 2014இல் டேவிட் செர்னி செய்தது. அடுக்குகள் கலைந்து வேறு ஏதோவாகி மறுபடி முகமாகக் கூடும்போது கூட்டத்தில் கைதட்டல். நல்ல இயந்திர வேலை என்பதில் எங்கள் நால்வருக்கும் கருத்து வேற்றுமையில்லை. எனக்கு அதில் காஃப்கா தட்டுப்படவில்லை.

நம்முடைய சிறுபத்திரிகைகளிலும் இப்படி ஒரு தலை சுற்றிக்கொண்டிருந்ததுதான். அந்நியமாதல், இருத்தலின் திகில், பெயரில்லாத குற்றம் என்று. க்ரியா வெளியிட்ட ஏ.வி. தனுஷ்கோடியின் மொழிபெயர்ப்பில் 'விசாரணை'யைக் கல்லூரியில் படித்தபோது எனக்கு அது தத்துவமாகப் படவில்லை. என் அப்பாவின் கதை என்றே நினைத்தேன். அப்பா செங்கோட்டைப் பக்கம் ஒரு மரமில்லில் இழைப்பு மெஷினில் நின்றவர். 1987இல் வலது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் போயின. 1923ஆம் வருஷச் சட்டத்தின் அட்டவணையில் இரண்டு விரலுக்கு நூற்றுக்கு 20 என்று இருந்தது. அந்த 20ஐ வாங்க அவர் நடந்த நடையில், மஸ்டரில் பேரில்லை என்றார்கள், சாட்சி இல்லை என்றார்கள், அதிகாரி லீவு என்றார்கள். மனுவைப் பிடித்துக்கொள்ளும்போது விரலில்லாத கையை மேலே வைத்துக்கொள்ள வேண்டும் என்று யாரோ அவருக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். ஆகவே யோசெஃப் க. என் வீட்டு ஆள். காஃப்கா எங்கள் பக்கத்து வரிசையில் மனுவோடு நிற்பவர்.

மூன்றரை மணிக்கு நா போர்சீச்சி தெருவில் 7ஆம் எண்ணுக்கு எதிரே வந்து நின்றோம். பொஹீமிய ராஜ்யத்துத் தொழிலாளர் விபத்துக் காப்பீட்டு நிறுவனம் இருந்த கட்டடம். இப்போது ஹோட்டல். கனத்த முகப்பு, வாசலில் சக்கரம் வைத்த பெட்டிகள். 1908 ஜூலையிலிருந்து 1922 ஜூலைவரை, காலை எட்டு முதல் பிற்பகல் இரண்டு வரை, காஃப்கா வேலை பார்த்த இடம். அதாவது அவர் கவுண்டருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவர். சட்டம் படித்த, பதவி உயர்வு பெற்ற அதிகாரி. எங்கள் வரிசையில் அவர் இல்லை.

ஜெர்மன்காரி பையிலிருந்து சில நகல் தாள்களை எடுத்தாள். காஃப்காவின் அலுவலக எழுத்துகள் ஜெர்மனில் தனித் தொகுதியாக வந்திருக்கின்றன. அதிலிருந்து, மர இழைப்பு இயந்திரங்களில் விபத்துத் தடுப்பு பற்றி நிறுவனத்தின் 1909ஆம் வருஷ அறிக்கையில் அவர் எழுதிய பகுதி, வரைபடங்களோடு. எதிர்ச்சாரிக் கட்டடமொன்றின் படியில் உட்கார்ந்து படித்தேன். என் ஜெர்மன் இலக்கியத்துக்குப் போதாது. இதற்குப் போதும். சதுரத் தண்டில் கத்திகளை நேரடியாக முடுக்கினால் தண்டுக்கும் மேஜைக்கும் நடுவே அகலமான சந்து விழுகிறது. மரத்தில் ஒரு முடிச்சு வந்து கட்டை எகிறினால் அழுத்திக்கொண்டிருந்த கை அந்தச் சந்துக்குள் இறங்கும். விரல்கள் கணுக்கணுவாகப் போகும். உருளைத் தண்டில் கத்திகள் உடம்புக்குள் பதிந்திருப்பதால் சந்து குறுகல், பட்டால் கீறலோடு போகும். மில் முதலாளிக்கும் இதுவே சிக்கனம் என்று சொல்லவும் அவர் மறக்கவில்லை. எங்கே தட்டினால் கேட்கும் என்பது தெரிந்த அதிகாரி. உரைநடையில் ஒரு படிமம் கிடையாது, பெருமூச்சு கிடையாது. 'தண்டனைக் குடியிருப்பில்' கதையில் அந்த இயந்திரத்தை அதிகாரி பிரயாணிக்கு விளக்கும் குரல் எந்த அலுவலகத்தில் பழகியது என்பது அந்தப் படியில் உட்கார்ந்திருந்தபோதுதான் விளங்கியது.

தொழிலாளிகள் நிறுவனத்தை அடித்து நொறுக்காமல் வந்து கெஞ்சுகிறார்களே என்று அவர் வியந்ததாக மாக்ஸ் பிராட் எழுதியிருக்கிறார். அந்த வியப்பு மனிதாபிமானமா, மேஜைக்கு அந்தப் பக்கத்தின் சௌகரியமா என்று வங்காளி கேட்டான். நல்ல கேள்வி. நான் அப்பாவை அழைத்தேன். ஊரில் இரவு எட்டரை.

"சாப்ட்டியாய்யா? அங்க குளிரா?"

"குளிருதுப்பா. ஒண்ணு கேக்கணும். அந்த மெஷின்ல தண்டு சதுரமா, உருளையா?"

எந்த மெஷின் என்று அவர் கேட்கவில்லை.

"சதுரம். நடுவுல ஒரு சந்து கெடக்கும். அதுலதான் போச்சு. எதுக்குக் கேக்க?"

"இங்க ஒரு ஆபீஸர் அதப்பத்தி எழுதியிருக்காரு. உருளையா மாத்தணும், இல்லன்னா வெரலு போகும்னு படம் போட்டு."

"நல்ல மனுசந்தான். எப்ப எழுதுனாரு?"

"1910 வாக்குல."

கொஞ்ச நேரம் ஒன்றும் கேட்கவில்லை. தொடர்பு அறுந்துவிட்டதோ என்று கைபேசியைப் பார்த்தேன், அறவில்லை.

"அப்பமே தெரியுமாய்யா?" என்றார்.

பிறகு, ஊர் சுத்துகிற நேரத்தில் காசு செலவழித்துப் பேச வேண்டாம், வை என்றார். கொலம்பியாக்காரன் பக்கத்துச் சந்தில் ஒரு பீர்க்கடையைக் கண்டுபிடித்துவிட்டு வந்து கையசைத்துக்கொண்டிருந்தான். ஜெர்மன்காரி தாள்களை வாங்கிப் பையில் வைக்கப்போனாள். சதுரத் தண்டின் படம் இருந்த தாளை மட்டும் நான் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டேன்.